வண்ணத்துப்பூச்சிக்கு மோப்பம் குறைந்துவிட்டதா?

கேள்வி – உப்புவெளிக்காரன்
எங்கள் வளவுத் தேசி மரத்தில் வண்ணத்துப்பூச்சியொன்று முட்டையிடுமுன் முன்னங்கால்களால் இலையைப் படபடவென்று தட்டிப் பார்த்தது. இரவில் விறாந்தை விளக்குக்கு வரும் அந்துப்பூச்சிகள் சிலவற்றின் உணர்கொம்புகளோ கோழியிறகு போல விரிந்திருக்கின்றன. வண்ணத்துப்பூச்சிக்கு இருப்பது நுனி தடித்த குச்சி மட்டுமே. பகலில் பறக்கப் பழகியதால் அதற்கு மோப்பம் குறைந்துவிட்டதா? அந்துகளுக்கு அது எப்படி வந்தது?

பதில் – விலங்கியல் ஆசிரியர் (ஓய்வு)
இறகுக் கொம்பு பெரும்பாலும் ஆணுக்குரியது. பெண் துணையை அழைக்கக் காற்றில் விடும் மணப்பொருளான பெரமோனை அது சல்லடை போல அரித்தெடுக்கிறது. 1959இல் ஜேர்மன் வேதியியலாளர் பூட்டெனான்ட் குழுவினர் ஏறத்தாழ 5 இலட்சம் பெண் பட்டுப்பூச்சிகளின் சுரப்பிகளை அரைத்துச் சில மில்லிகிராம் பொம்பிக்கோல் என்ற பெரமோனையே பெற்றார்கள். அதன் மூலக்கூறு ஒன்று பட்டாலே ஆணின் நரம்புக்கலம் தூண்டப்படும்.

பதில் – சாம்பல்தீவு வாசகி
ஐயா பெரமோனில் தொடங்கினார். கூர்ப்பின் கதை அதற்கும் முந்தியது. பூச்சிகளின் மணவாங்கிகள் (மணத்தை உணரும் புரதங்கள்) நம்முடையவற்றுக்கு உறவானவையல்ல. அவை சுவைவாங்கிகளின் குடும்பத்திலிருந்து கிளைத்து, ‘ஓர்கோ’ என்ற துணைப் புரதத்துடன் சேர்ந்து, மின்னேற்றமுள்ள அயன்களைக் கலத்துக்குள் விடும் கதவாக இயங்குகின்றன. நீங்கள் கண்ட கால்தட்டலும் சுவைபார்ப்பதுதான். எரியோகிரேனியா போன்ற தொன்மையான அந்துகளின் பெரமோன்கள் தாவர மணங்களை ஒத்த சிறு மூலக்கூறுகள் என்பதால், செடியைத் தேடிய வாங்கிகளே துணையைத் தேடவும் பயன்பட்டன என்று கருதுகிறார்கள். நீண்ட சங்கிலி மூலக்கூறுகளும் அவற்றுக்கென வாங்கிகளும் பின்னர் வந்தவை. பரம்பரையலகுகள் இரட்டித்து, ஒரு பிரதி பழைய வேலையில் நிற்க மற்றது புதியதற்கு மாறியது.

வண்ணத்துப்பூச்சிகள் ஏறத்தாழ 10 கோடி ஆண்டுகளுக்கு முன் அந்துகளிலிருந்து பிரிந்த ஒரு கிளை. ஆயினும் மொனார்க் என்ற வண்ணத்துப்பூச்சியிடம் 60க்கு மேற்பட்ட மணவாங்கிப் பரம்பரையலகுகள் உண்டு, பட்டுப்பூச்சியிடமும் ஏறக்குறைய அவ்வளவே. துணையைத் தொலைவில் தேடும் வேலையைக் கண் எடுத்துக்கொண்டது. மணம் அருகில் வந்த பின் பேசுகிறது. எருக்கஞ்செடியில் வளரும் செம்மஞ்சள் வண்ணத்துப்பூச்சியின் ஆண்கள் வாடிய தேள்கொடுக்குச் செடியில் மொய்த்து அல்கலோயிட்டுகள் என்ற தாவர வேதிப்பொருள்களை உறிஞ்சி, அதிலிருந்து ஆக்கும் மணத்தை வயிற்று நுனியிலுள்ள மயிர்க்குஞ்சத்தால் பெண்ணிடம் பரப்புகின்றன. முதன்முறை கண்டபோது, காய்ந்த தண்டில் அசையாமலிருந்ததால், செத்துவிட்டன என்றே எண்ணினேன்.

கேள்வி கேட்டவர்
இன்று காலை பார்த்தேன்: மல்லிகை இலையில் ஒருதரம் தட்டிவிட்டு எழும்பியது, தேசியில் நான்கைந்து தட்டுத் தட்டியே முட்டையிட்டது. இரண்டும் அடுத்தடுத்தே நிற்கின்றன.