புதுப்பிப்பு: ஜி மேஜரில் ஏ ஏன் மைனர், ஐந்தரைக் கட்டைக்கு எப்படி வாசிப்பது

சமூக மன்றப் பொங்கல் நிகழ்ச்சிக்காக இரண்டு சந்தேகம் கேட்டிருந்தேன்: ஜி மேஜரில் ஏ, பி கார்டுகள் (சேர்ந்து ஒலிக்கும் மூன்று சுரங்கள்) ஏன் மைனர்? ஐந்தரைக் கட்டையில் பாடும் அக்காவுக்கு கிட்டாரில் எப்படி வாசிப்பது? இரண்டுமே தீர்ந்தன. பதில் எழுதிய எல்லாருக்கும் நன்றி.

கைகொடுத்தது, ஒரே கம்பியில் ஃபிரெட்டுகளை (கழுத்திலுள்ள அரைச்சுரக் கட்டங்களை) எண்ணச் சொன்ன அண்ணனின் யோசனை. ஸ்கேலில் (ஜி மேஜரில் ஜி, ஏ, பி, சி, டி, இ, எஃப் ஷார்ப்) ஒன்றுவிட்டு ஒன்றாக மூன்று சுரம் எடுக்க வேண்டும். ஜி–பி 4 ஃபிரெட், பி–டி 3: மேஜர். ஏ–சி 3, சி–இ 4: மைனர். எஃப் ஷார்ப்பில் 3, 3 வரும்; அது டிமினிஷ்ட். எந்த மேஜர் ஸ்கேலிலும் வரிசை இதேதான்: மேஜர், மைனர், மைனர், மேஜர், மேஜர், மைனர், டிமினிஷ்ட். வெறும் மனப்பாடத்தைவிட எண்ணிப் பார்ப்பது எவ்வளவோ மேல்.

ஐந்தரைக் கட்டை என்றால் ஜி ஷார்ப். கேப்போவை (எல்லாக் கம்பிகளையும் அழுத்திப் பிடிக்கும் கவ்வி) முதல் ஃபிரெட்டில் மாட்டி, ஜி கார்டு வடிவங்களையே பிடித்தால் போதும். மாட்டியதும் சுருதி சற்றே ஏறும்; திரும்பச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஏர்கான் அறையிலிருந்து வெளியே வந்தாலும் சுருதி மாறும்; அப்போதும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

எதிர்பாராதது கீரவாணி ராகப் பாட்டு. இ-யை ஆதார சுருதியாக வைத்தால் அதில் பி மைனர் ஒட்டவே இல்லை. காகலி நிஷாதத்தால் (மேல் ஸ-வுக்கு அரைச்சுரம் கீழே உள்ள நி) டி சுரம் டி ஷார்ப் ஆகிறது. பி-யிலிருந்து அது 4 ஃபிரெட், அதனால் மேஜர். பி7 (பி மேஜரோடு ஏ சுரமும் சேர்ந்த கார்டு) கச்சிதமாகப் பொருந்தியது: ஐந்தாம் கம்பி 2, நான்காம் கம்பி 1, மூன்றாவது 2, இரண்டாவது திறந்தபடி, முதல் கம்பி 2. ஆறாம் கம்பியை மீட்டக்கூடாது.