மழையில் நனையும் வேலைக்கு .223 போல்ட் ஆக்‌ஷன்: 1,200 டாலருக்குள் எது?

மழைக்கோட்டு:
வணக்கம். ஓரிகனில் இரண்டு வேலைக்கு ஒரே ரைஃபிள் (ஒவ்வொரு முறையும் கைப்பிடியை இழுத்துத் தோட்டா ஏற்றும் போல்ட் வகை) தேடுகிறேன். வசந்த காலத்தில் பர்ன்ஸ் பக்கத்து அல்ஃபால்ஃபா வயல்களில் தரை அணில், குளிர்காலத்தில் காஸ்கேட் மலைக்கு மேற்கே கொயோட்டி (நரி போன்ற காட்டு நாய்). முதல் இடத்தில் காற்றும் புழுதியும், ஒரு நாளைக்கு நூறு தோட்டாவுக்கு மேல் செலவு. இரண்டாவது இடத்தில் நாள் முழுக்கத் தூறல், சுடுவது ஒன்றோ இரண்டோ. ஸ்கோப் (குறி பார்க்கும் தொலைநோக்கி) இல்லாமல் பட்ஜெட் 1,200 டாலர். டிக்கா டி3எக்ஸ் லைட் ஸ்டெயின்லெஸ், ரூகர் அமெரிக்கன் இரண்டாம் தலைமுறை பிரிடேட்டர், சாவேஜ் 110 ஸ்டார்ம் மூன்றையும் பார்த்து வைத்திருக்கிறேன். கேலிபர் (தோட்டா அளவு) .223 போதுமா, அதைவிட வேகமான .22-250-க்குப் போகலாமா?

குழல்நோக்கி:
முதலில் கேலிபர். அணில் வயலுக்கு .223 தான். .22-250-இல் ஒரு தோட்டாவுக்கு 35 கிரெய்னுக்கு (தோட்டாவில் பயன்படும் சிறிய எடை அளவு) மேல் வெடிமருந்து எரியும், .223-இல் 25 கிரெய்ன் அளவுதான். அந்த வித்தியாசம் முழுக்கப் பேரலின் (குழலின்) தொண்டையில், அதாவது குண்டு நுழையும் தொடக்கத்தில், சூடாக இறங்கும். வேகமாகச் சுட்டால் சில வருடத்தில் தொண்டை தேய்ந்துவிடும். தோட்டா விலையும் ஏறக்குறைய இரண்டு மடங்கு.

55 கிரெய்ன் குண்டு வினாடிக்கு 3,240 அடி வேகத்தில் கிளம்பும்போது 200 கஜத்துக்கு ஜீரோ வைத்தால் (ஸ்கோப் குறியும் குண்டு விழும் இடமும் அங்கே ஒன்றாகும்படி), 100-இல் ஒன்றரை அங்குலம் மேலே, 300-இல் 7 அங்குலம் கீழே. கொயோட்டிக்கு இது தாராளம். அணிலுக்கு 300 கஜத்தில் சிக்கல் இறக்கம் இல்லை, காற்று. பக்கவாட்டில் மணிக்கு 10 மைல் அடித்தால் குண்டு 10 அங்குலம் போல விலகும். அணிலின் அகலமோ 3 அங்குலம். .22-250 இந்த விலகலைக் குறைக்கும், இல்லாமல் ஆக்காது.

வாங்கும்போது ட்விஸ்ட் பாருங்கள்: குழலின் உள் வரிகள் எத்தனை அங்குலத்துக்கு ஒரு சுற்று சுழல்கின்றன என்பது. 1:12 என்றால் 12 அங்குலத்துக்கு ஒரு சுற்று, எண் குறைந்தால் சுழற்சி வேகம். 1:12 பேரலில் 55 கிரெய்னுக்கு மேல் நம்ப முடியாது. 1:8 என்றால் 75 கிரெய்ன் வரை நிலையாகப் பறக்கும். ஈயமில்லாத செப்புக் குண்டு அதே எடைக்கு நீளமாக இருப்பதால் அதற்கும் வேக ட்விஸ்ட் வேண்டும். கலிஃபோர்னியாவில் 2019 ஜூலை முதல் எல்லா வேட்டைக்கும் ஈயமில்லாத குண்டு கட்டாயம், எல்லை தாண்டிப் போகிற எண்ணம் இருந்தால் இது முக்கியம். டிக்காவும் ரூகரும் .223-இல் 1:8 தருகிறார்கள். ஒரு எச்சரிக்கை: மெல்லிய தோல் கொண்ட அணில் குண்டுகளை வேக ட்விஸ்டில் உச்ச வேகத்தில் அனுப்பினால் பாதி வழியிலேயே சுழற்சி தாங்காமல் சிதறும். குறி அட்டையில் சாம்பல் கீற்று மட்டும் விழுந்து ஓட்டை இல்லை என்றால் காரணம் இதுதான், ஸ்கோப்பைத் திருகாதீர்கள்.

பேரல் கனத்தில்தான் உங்கள் இரண்டு வேலையும் மோதுகின்றன. டி3எக்ஸ் லைட் 3 கிலோவுக்குள், காட்டில் தூக்க அருமை. ஆனால் மெல்லிய பேரல் 10, 12 தோட்டாவுக்குள் கை வைக்க முடியாதபடி சுடும். மேலே கானல் எழுந்து ஸ்கோப்பில் அணில் நெளியும். அணிலுக்குத் தனியாக ஒரு .17 எச்எம்ஆர் (சிறிய தோட்டா ரைஃபிள்) இருந்தால் லைட் எடுங்கள். இல்லையென்றால் ரூகர் பிரிடேட்டரின் நடுத்தரக் கனம்தான் நேர்மையான சமரசம்.

ஈரத்துணி:
குழல்நோக்கி அண்ணன் துருவைப் பற்றிச் சொல்லாமல் போய்விட்டார், கேள்வியே அதைப் பற்றித்தானே!

ஸ்டெயின்லெஸ் என்றால் துருவே பிடிக்காது என்று நினைக்க வேண்டாம். பேரலுக்குப் பயன்படும் 416ஆர் என்ற ரகம் கடைசல் வேலைக்கு எளிதாக இருக்கக் கந்தகம் சேர்த்த எஃகு. தாமதமாகத் துருப்பிடிக்கும், அவ்வளவுதான். செராகோட் பூச்சு வெளியே மிக நன்றாகக் காக்கும், குழலின் உள்ளே கிடையாது. ரூகர் இரண்டாம் தலைமுறையில் பூச்சுக்குக் கீழே இருப்பது சாதாரண குரோம்-மாலி எஃகு. ஆக அதில் உள்ளே துடைப்பது உங்கள் பொறுப்பு.

மூன்று ரைஃபிளிலும் துரு முதலில் வரும் இடம் பேரலே அல்ல. போல்ட்டுக்குள் இருந்து தோட்டாவை அடித்து வெடிக்க வைக்கும் ஊசியின் ஸ்பிரிங், ட்ரிக்கர் பாகங்கள், ஸ்கோப் பேஸ் திருகுகள், வார் மாட்டும் கொக்கி. இவை பெரும்பாலும் சாதாரண எஃகு. நனைந்த அன்றே போல்ட்டை உருவி, ஊசித் தொகுதியைக் கழற்றி, உலர்த்தி, மிக மெல்லிய எண்ணெய் தடவுங்கள். கெட்டியான எண்ணெயோ கிரீஸோ உள்ளே போட்டால் உறைபனிக் காலையில் அது இறுகி ஊசி மெதுவாக இறங்கும். பிரைமரில் (தோட்டாவின் அடியில் ஊசி அடிக்கும் மூடியில்) லேசான பள்ளம் மட்டும் விழும், தோட்டா வெடிக்காது. பலர் இதைத் தோட்டாவின் குறை என்று நினைக்கிறார்கள்.

ட்ரிக்கருக்கு எண்ணெய் வேண்டாம், புழுதியைப் பிடித்துப் பசையாகும்.

குளிரிலிருந்து சூடான வீட்டுக்குள் வந்ததும் உறையைத் திறந்தால் எஃகு முழுக்க வியர்க்கும். மூடியபடியே அறைச் சூட்டுக்கு வரவிட்டுப் பிறகு வெளியே எடுங்கள். எடுத்தபின் திரும்ப ஸ்பாஞ்ச் வைத்த துப்பாக்கிப் பெட்டியில் வைக்காதீர்கள், ஈரம் குடித்த ஸ்பாஞ்ச் ஒரே வாரத்தில் வேலையைக் காட்டிவிடும். குழல் வாயில் ஒரு சுற்று எலெக்ட்ரிகல் டேப் ஒட்டினால் மழை உள்ளே போகாது. சுடும்போது முன்னால் தள்ளப்படும் காற்றே அதைக் கிழித்துவிடும்.

மழைக்கோட்டு:
நன்றி இருவருக்கும். அப்படியானால் ரூகர் பக்கம் சாய்கிறேன். அதன் பிளாஸ்டிக் ஸ்டாக் (பேரலைத் தாங்கித் தோளில் அணையும் கட்டை) வளைகிறது என்கிறார்களே, பைபாட் (முன்னால் தாங்கும் இருகால்) மாட்டினால் பிரச்சினையா?

குழல்நோக்கி:
இந்த விலையில் வரும் வார்ப்புப் பிளாஸ்டிக் ஸ்டாக் எல்லாவற்றிலும் இந்தச் சந்தேகம் நியாயம்தான். கடையிலேயே சோதிக்கலாம். ஒரு டாலர் நோட்டை மடித்துப் பேரலுக்கும் ஸ்டாக்குக்கும் நடுவே நுழைத்து, தோட்டா உட்காரும் அறை வரை இழுங்கள். தடையில்லாமல் போக வேண்டும். பிறகு முன்பகுதியைக் கையால் பேரலை நோக்கி அழுத்தியபடி மறுபடி இழுங்கள். இரண்டாவது முறை சிக்கினால், பைபாடில் முன்னால் சாய்ந்து சுடும்போது ஸ்டாக் பேரலைத் தொடும், குண்டு விழும் இடம் நகரும். பைபாடை விட்டு மணல் மூட்டையில், மேகஸினுக்குச் சற்று முன்னால் தாங்கிச் சுட்டால் பாதி பிரச்சினை தீரும். லேமினேட் மர ஸ்டாக் விறைப்பாக இருக்கும், கனம் கூடும். ஒற்றை வால்நட் மட்டும் வேண்டவே வேண்டாம்: ஈரத்தில் உப்பிப் பேரலை நெருக்கும்.

சாவேஜ் ஸ்டார்ம் ஸ்டெயின்லெஸ், ஆக்யூட்ரிக்கர் (சாவேஜின் திருகி மாற்றும் ட்ரிக்கர்) நன்றாகவே இருக்கும். ஆனால் போல்ட் கைப்பிடி 90 டிகிரி எழும், மற்ற இரண்டும் 70. பெரிய கண் பகுதி உள்ள ஸ்கோப் என்றால் கையுறையோடு விரல் இடிக்கும்.

நாலாயிரத்து நானூற்று எழுபத்து மூன்று:
வாங்கப் போகும் எல்லாருக்கும் பொதுவாக ஒன்று. எச்-1பி, எஃப்-1 போன்ற விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்க அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டம் தடை விதிக்கிறது. ஏதாவது ஒரு மாநிலத்தின் செல்லுபடியாகும் வேட்டை உரிமம் இருந்தால் விலக்கு உண்டு. கடையில் நிரப்பும் 4473 படிவத்தில் இந்தக் கேள்வி தனியாக வரும், உரிமத்தைக் கையோடு கொண்டு போங்கள். உரிமம் காலாவதியானால் விலக்கும் போய்விடும், அலமாரியில் துப்பாக்கி சும்மா இருந்தாலும் சரி. கிரீன் கார்டு உள்ளவர்களுக்கு இந்தத் தடை கிடையாது. மாநிலச் சட்டம் வேறு, பக்கத்து வாஷிங்டனுக்கு எடுத்துப் போகுமுன் அங்குள்ள விதியையும் பாருங்கள்.

ஈரத்துணி:
விட்டுப்போன ஒன்று: ரூகரின் ட்ரிக்கர் 3 முதல் 5 பவுண்ட் வரை திருகி வைக்கலாம். கொயோட்டிக்குக் கையுறை போடுவீர்கள், 3-க்கு இறக்கிவிடாமல் மூன்றரையில் வையுங்கள். பிறகு பெட்டியிலிருந்து எடுத்ததும் ஸ்கோப் பேஸ் திருகுகளைக் கழற்றி, எண்ணெய் துடைத்து, நீல லாக்டைட் (திருகுப் பசை) ஒரு சொட்டு விட்டு, கையேட்டில் சொன்ன முறுக்கத்துக்கு இறுக்குங்கள். ஜீரோ நகர்கிறது என்று வரும் புகாரில் பாதி இந்தத் திருகுகளால்தான்.