கோபம் வந்தால் கெட்ட வார்த்தை பேசுபவரை எப்படிச் சொல்வது?

ஷெட்டுப்பையன்:
என் சித்தப்பா லாரி மெக்கானிக். தங்கமான மனிதர். ஆனால் ஸ்பேனர் வழுக்கி விரல் மூட்டில் தோல் பெயர்ந்தால் போதும், அவர் பேசுவதைக் காது கொடுத்துக் கேட்க முடியாது. அவரைப் போல ஒருவரைக் கதையில் எழுதுகிறேன். ஒரே சொல்லில் எப்படிச் சொல்வது? 'முன்கோபி' என்றால் கோபம் மட்டும்தான் தெரிகிறது.

ஏட்டுச்சுவடி:
'வசைபாடி' என்று எழுதுங்கள். பழைய சொல். 'வசை பாடக் காளமேகம்' என்றுதானே சொல்வார்கள்.

வைகைக்கரை:
பொருந்தாது. காளமேகம் எதுகை மோனையோடு வசை பாடியவர். வசைக்கு எதிரே ஓர் ஆள் வேண்டும். எங்கள் மதுரைப் பக்கம் 'வைதான்' என்றாலே 'யாரை?' என்றுதான் கேட்பார்கள். இவருடைய சித்தப்பா துருப்பிடித்த போல்ட்டையா வைதார்? வலியில் தானாக வந்தது கெட்ட வார்த்தை. இரண்டும் வேறு.

பனங்கூடல்:
யாழ்ப்பாணத்தில் அதற்குத் தனிச்சொல்லே இருக்கு: தூசணம். ஏசுவது வேறு, தூசணம் கதைப்பது வேறு. அம்மா நாள் முழுக்க ஏசுவா, ஒரு தூசணம் வாயில் வராது.

ஏட்டுச்சுவடி:
தூசணம் வடமொழி 'தூஷணம்'. தமிழில் 'இடக்கர்' இருக்கிறதே! சபையில் சொல்லக் கூசுவதை மறைத்துச் சொல்வது இடக்கரடக்கல். தொல்காப்பியமும் 'அவையல் கிளவி' என்று இதைப் பேசுகிறது. 'இடக்கர்வாயர்' என்று எழுதலாம்.

வைகைக்கரை:
ஐயா, இடக்கரடக்கலுக்குப் பள்ளியில் என்ன எடுத்துக்காட்டு படித்தோம்? 'கால் கழுவி வந்தான்.' அதில் கோபம் எங்கே இருக்கிறது? லாரி ஷெட்டில் யாரும் 'இடக்கர்வாயர்' என்று சொல்லப்போவதில்லை. நாம் இப்படிப்பட்டவருக்குப் பெயர் வைப்பதே இல்லை, பழியை வாய்மேல் போட்டுவிடுகிறோம். 'ஆள் நல்லவன், வாய்தான் சரியில்லை.' அந்தத் 'தான்' ஆளைக் காப்பாற்றிவிடுகிறது. 'வசைபாடி' என்று எழுதினால் மனிதர் முழுக்க அதுவாகிப்போவார்.

ஏட்டுச்சுவடி:
அது வாக்கியம். அவர் கேட்டது சொல்.

பனங்கூடல்:
தூசணம் சொல்தானே? எந்த மொழியிலிருந்து வந்தால் என்ன, பேசுகிற சனத்துக்கு விளங்குது.

ஷெட்டுப்பையன்:
வைகைக்கரை சொன்னதும் சித்தி நினைவுக்கு வந்தார். வீட்டை ஒட்டித்தான் ஷெட். நான் டீத்தூக்கோடு போய் நின்றால், உள்ளிருந்தே 'பிள்ளை நிக்கிறான், வாயைக் கட்டுங்க' என்பார். சித்தப்பா உதட்டைக் கடித்துக்கொண்டு, மிச்சக் கோபத்தையெல்லாம் சுத்தியலில் காட்டுவார். பெயர் வைக்காமல் இதையே எழுதப்போகிறேன். ஏட்டுச்சுவடி ஐயா கோபித்துக்கொள்ளக் கூடாது.