ஆட்டத்துக்கு நடுவுல ஸ்விட்ச் பெட்டி தாவுது, ஏன்?

கேள்வி: டிவில ரெண்டே ஹெச்டிஎம்ஐ (படமும் சத்தமும் வர்ற வயரைச் சொருகுற) போர்ட். ஒண்ணு செட்டாப் பாக்ஸுக்குப் போயிடுச்சு. இன்னொண்ணுல, பல கருவிகளை ஒரே போர்ட்ல மாத்தி மாத்திக் காட்டுற ஆட்டோ ஸ்விட்ச் பெட்டி. அதுல பிஎஸ்4, எக்ஸ்பாக்ஸ் 360னு ரெண்டு கேம் கன்சோல், நெட்ல படம் பார்க்க ஒரு ஸ்ட்ரீமிங் ஸ்டிக். எதை ஆன் பண்ணாலும் படம் தானா மாறுது. ஆனா கோல் அடிக்கப் போற நேரத்துல திடீர்னு ஸ்டிக் திரை வந்து நிக்குது! பையன் சோபாவுக்குப் பின்னாடி தவழ்ந்து போய் பட்டனை அமுக்குறான்.

பதில் 1: பெட்டி படத்தைப் பார்க்கிறதில்ல ப்ரோ. பெரும்பாலும் ஹெச்டிஎம்ஐ வயரோட 18ஆம் பின்ல வர்ற 5 வோல்ட்டைத்தான் பார்க்கும். அது எங்க புதுசா வருதோ அங்க தாவும். ஸ்டிக் தனி சார்ஜர்ல எப்பவும் முழிச்சே இருக்கும். அது தானா ரீஸ்டார்ட் ஆகி 5 வோல்ட் போய் வந்தா போதும், கதை முடிஞ்சது. கழட்டி வச்சுப் பாருங்க.

பதில் 2: பெட்டிக்குத் தனி அடாப்டர் உண்டா? இல்லேன்னா அது கன்சோல்கிட்டதான் கரண்ட் வாங்கும். அந்தப் பின்ல 55 மில்லிஆம்ப்தான் உத்தரவாதம். மலிவுப் பெட்டிகள் அதுல தடுமாறும்.

கேட்டவர்: அடாப்டர் இருக்கு அண்ணே. ஸ்டிக்கைக் கழட்டிட்டு ரெண்டு மணி நேரம் ஆடினோம், ஒரு தாவலும் இல்ல. இப்ப ஸ்டிக் சார்ஜரைத் தனி சுவிட்ச்ல போட்டுட்டேன். படம் பார்க்கும்போது மட்டும் ஆன்.