கைக்குழந்தையும் மூட்டுவலியும்: அருங்காட்சியகத்துக்கு எந்த நேரத்தில் போவது?

மாமனார், மாமியார் ஊரிலிருந்து வந்திருக்கிறார்கள். இன்னும் ஒரு வாரம் இருப்பார்கள். மாமனாருக்குச் சிற்பம், பழைய நாணயம் என்றால் உயிர். ஒவ்வொரு விளக்கப் பலகையையும் முழுதாகப் படிப்பார். மாமியாருக்கு மூட்டுவலி, அரை மணி நேரத்துக்கு மேல் நிற்க முடியாது. எங்கள் பெண்ணுக்கு 8 மாதம். விழித்து இரண்டரை மணி நேரம் ஆனால் தூக்கத்துக்கு அழுகை.

தள்ளுவண்டியைக் கூட்ட நாட்களில் வாசலிலேயே வாங்கி வைத்துவிடுகிறார்கள். குழந்தையை முதுகில் சுமக்கும் பைக்கும் அனுமதி இல்லை, காட்சிப் பொருளில் இடித்துவிடுமாம் (நியாயம்தான்). மார்போடு கட்டிக்கொண்டு போனேன். பழைய துணி, காகிதத்தில் வரைந்த ஓவியம் இருக்கும் அறைகளில் வெளிச்சத்தை 50 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) அளவுக்குக் குறைத்து மங்கலாக வைப்பார்கள் இல்லையா, அங்கே நன்றாகத் தூங்கினாள். அப்புறம் ஒரு பள்ளிக்கூடக் கூட்டம் உள்ளே வந்தது, எல்லாம் போச்சு. சரி, இரண்டு குழுவாகப் பிரிவோம் என்றால் "பேத்தி இல்லாமல் எனக்கு எதற்குச் சிலை" என்கிறார் மாமியார். வீட்டிலேயே இருங்கள் என்று மட்டும் சொல்லாதீர்கள்.

காலைத் தூக்கத்தை வீட்டில் முடித்துவிட்டுப் போவதா, திறந்தவுடன் போய் உள்ளேயே தூங்கவைப்பதா: பெரியவர்களோடு இப்படிப் போனவர்களுக்கு எது சரிப்பட்டது?