அப்பாவின் ஷெர்லாக் ஹோம்ஸ்: புதிய எச்டி வட்டில் சுருதி இறங்கிக் கேட்கிறது, ஏன்?

நிலானி எழுதியது:

வணக்கம். ஹாரோவில் இருந்து எழுதுகிறேன். என் அப்பா 1983 கடைசியில் யாழ்ப்பாணத்தில் இருந்து லண்டன் வந்தவர். அடுத்த ஏப்ரலில் ஐடிவி தொலைக்காட்சியில் கிரனாடா நிறுவனம் தயாரித்த ஷெர்லாக் ஹோம்ஸ் தொடர் தொடங்கியது. ஹோம்ஸாக நடித்த ஜெரமி பிரெட் பேசுவதைக் கேட்டுக் கேட்டுத்தான் இங்கிலீஷ் காதில் ஏறியது என்று இன்றைக்கும் சொல்வார். 1994 வரை வந்த 41 கதைகளில் ஒன்றைக்கூட அவர் விட்டதில்லை.

இந்த மாதம் அவருக்கு 70 வயது. பழைய டிவிடி தேய்ந்துவிட்டதே என்று, புதுப்பித்து வெளியிட்ட ப்ளூ-ரே பெட்டியை வெளிநாட்டுக் கடை ஒன்றில் வரவழைத்துக் கொடுத்தேன். முதல் கதையின் முகப்பு இசை முடிவதற்குள் அப்பா ரிமோட்டை எடுத்து நிறுத்திவிட்டார். "வயலின் சுருதி இறங்கியிருக்குப் பிள்ளை. இது அவன்ர குரலும் இல்லை" என்றார். அவர் சின்ன வயதில் இருந்து வயலின் வாசிப்பவர். எனக்கு வித்தியாசமே தெரியவில்லை. வயதானால் காது இப்படி ஆகுமோ என்று உள்ளுக்குள் பயந்தேன், அவரிடம் சொல்லவில்லை.

இன்னொன்று, முகங்கள் எல்லாம் மெழுகு பூசியதுபோல் வழவழப்பாக இருக்கின்றன. எச்டி என்றால் தெளிவாக அல்லவா இருக்க வேண்டும்? வட்டில் பழுதா, டிவியில் பழுதா, எங்கே பார்ப்பது?

கோவை சுந்தர் எழுதியது:

சகோதரி, அப்பாவின் காதில் பழுது இல்லை. ஆனால் அவர் பழகியதுதான் தவறான சுருதி. சினிமா நொடிக்கு 24 ஃபிரேமில், அதாவது 24 தனிப் படங்களாக, எடுக்கப்படுகிறது. பிரிட்டன், ஐரோப்பா, இந்தியா எங்கும் பழைய டிவி முறை நொடிக்கு 25 ஃபிரேம். அதனால் டிவிடி போடும்போது படத்தை நான்கு சதவீதம் வேகமாக ஓட்டிவிடுவார்கள். இரண்டு மணி நேரப் படம் 115 நிமிடத்தில் முடியும், குரல் கொஞ்சம் கீச்சென்று ஏறும். ப்ளூ-ரேயில் 24 ஃபிரேமை அப்படியே வைக்கலாம். ஆகவே புதிய வட்டுதான் சரி. அப்பாவிடம் எடுத்துச் சொல்லுங்கள், நான்கு கதை பார்த்தால் பழகிவிடும்.

நிலானி எழுதியது:

நன்றி அண்ணா. சொன்னேன், அவர் ஒத்துக்கொள்ளவில்லை. பழைய டிவிடியையும் புதியதையும் பக்கத்தில் வைத்து நேரம் பார்த்தோம். பழையதில் 24வது நிமிடத்தில் வரும் வசனம் புதியதில் 25வது நிமிடத்தில் வருகிறது. 48வது நிமிடத்தில் வருவது சரியாக 50ல். அப்புறம் அப்பா போனில் சுருதி பார்க்கும் செயலியை வைத்து முகப்பு இசையை ஓட்டினார். டிவிடியில் ஸ்வரங்கள் முள்ளின் நடுவில் வந்து நிற்கின்றன. புதியதில் எல்லாமே 70 செண்ட் (சுருதியை அளக்கும் அலகு) போல இறங்கி, இரண்டு ஸ்வரங்களுக்கு இடையில் தொங்குகின்றன. "இசைக்குழு முழுதும் சேர்ந்து இப்படியா சுருதி கூட்டும்?" என்று கேட்கிறார். எனக்குப் பதில் தெரியவில்லை.

பழையநாடா எழுதியது:

அப்பா சொல்வது நூற்றுக்கு நூறு சரி. அவருக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.

சுந்தர் சொன்ன விதி சினிமாவுக்குப் பொருந்தும். இந்தத் தொடருக்குப் பொருந்தாது. இது தியேட்டருக்காக எடுத்தது இல்லை, பிரிட்டிஷ் தொலைக்காட்சிக்காக 16 மி.மீ. ஃபிலிமில் எடுத்தது. அங்கே டிவிக்கு ஃபிலிமில் எடுப்பவர்கள் கேமராவையே நொடிக்கு 25 ஃபிரேமில் ஓட்டினார்கள். 25ல் எடுத்தார்கள், 25ல் ஒளிபரப்பினார்கள். நடுவில் யாரும் வேகத்தைக் கூட்டவில்லை. 1984ல் உங்கள் அப்பா கேட்டதுதான் பிரெட்டின் உண்மையான குரல்.

தவறு புதிய வட்டில் நடந்திருக்கிறது. ப்ளூ-ரே விதிமுறையில் 1080 வரிகளை முழு ஃபிரேமாக நொடிக்கு 24 என்று வைக்கலாம், 25 என்று வைக்க இடம் கிடையாது. 25 வேண்டுமானால் ஒவ்வொரு ஃபிரேமையும் இரண்டு அரைப்படங்களாகப் பிரித்து, நொடிக்கு 50 அரைப்படம் என்ற முறையில் எழுத வேண்டும். சில பெட்டிகளின் பின்புறம் 1080i என்று போட்டிருப்பது அதைத்தான். பார்ப்பதற்கு அதில் ஒரு குறையும் இல்லை, டிவி இரண்டு பாதியையும் சேர்த்துவிடும். ஆனால் அமெரிக்க, ஜப்பானிய சந்தைக் கருவிகள் பலவும் அந்த 50ஐ ஏற்காது. அந்த நாடுகளை நினைத்து வட்டு போடுபவர்கள் சிலர், 25ல் எடுத்ததை 24க்கு மெதுவாக்கிவிடுகிறார்கள். ஒலியும் கூடவே இழுபடுகிறது. 24 நிமிடம் 25 ஆகிறது, 48 நிமிடம் 50 ஆகிறது. நீங்கள் அளந்த கணக்கு அப்படியே இதுதான்.

சுருதிக் கணக்கும் ஒத்துப்போகிறது. 25க்கு 24 என்றால் 70 செண்டுக்குச் சற்று மேல் இறங்கும். அரைக் கட்டை என்பது 100 செண்ட், அதில் முக்கால் பங்குக்குக் கொஞ்சம் குறைவு. வயலின் வாசிப்பவருக்கு இது காதில் முள் குத்துவது மாதிரி இருக்கும்.

எனக்கு இதில் உண்மையாகவே கோபம் வருகிறது. மூல நெகட்டிவைத் தேடி எடுத்து, தூசி துடைத்து, ஒவ்வொரு காட்சிக்கும் நிறம் சரிசெய்து இவ்வளவு உழைக்கிறார்கள். கடைசிப் படியில், அந்த மனிதன் பேசிய வேகத்தை மாற்றிவிடுகிறார்கள். பிரெட்டின் நடிப்பில் பாதி அந்த வேகம்தான். சட்டென்று வெட்டிப் பேசுவது, பேச்சு முடியும் முன்பே உடம்பு திரும்புவது எல்லாம் நான்கு சதவீதம் மந்தமானால் வேறு ஆளாகிவிடுகிறார்.

இனி என்ன செய்வது? ப்ளேயர் அமைப்பில் 24 வெளியீட்டை அணைத்துப் பார்க்கத் தோன்றும். அதனால் பயன் இல்லை, மெதுவான படம் மெதுவாகவேதான் ஓடும். கணினியில் ப்ளூ-ரே டிரைவ் இருந்து, இந்த வட்டை வாசிக்க முடிந்தால், எம்பிவி ப்ளேயரில் வேகத்தை 1.0417 என்று வைத்து, சுருதித் திருத்தத்தை அணைத்துவிடுங்கள். அணைக்க மறந்தால் வேகம் மட்டும் சரியாகும், சுருதி இறங்கியபடியே நிற்கும். விஎல்சியில் என்றால் ஒலி அமைப்பில் நேர நீட்சி என்ற வசதியை எடுத்துவிட வேண்டும். கணினி வழி ஒத்துவராவிட்டால், வட்டை மாற்றிக்கொள்வதுதான் வழி. வாங்கும்போது ஓடும் நேரத்தைப் பழைய டிவிடியோடு ஒப்பிடுங்கள். கதைக்கு இரண்டு நிமிடம் நீளம் என்றால் தொடாதீர்கள்.

ரேவதி எழுதியது:

மெழுகு முகத்துக்கு நான் சொல்கிறேன் நிலானி, அது அநேகமாக உங்கள் டிவியின் வேலை. 16 மி.மீ. ஃபிலிமில் மணல் தூவியது மாதிரி ஒரு பொடி அசைவு எப்போதும் இருக்கும். கிரெயின் என்பார்கள். படமே அந்தப் பொடியால்தான் ஆனது. டிவி அதைக் கோளாறு என்று நினைத்துத் துடைக்கும், துடைக்கும்போது தோலின் சுருக்கம், கோட்டின் நெசவு எல்லாம் சேர்ந்து போய்விடும்.

பட அமைப்புக்குப் போய் இரைச்சல் குறைப்பு என்று இருக்கும் எல்லாவற்றையும் அணையுங்கள். அசைவை வழவழப்பாக்கும் வசதியையும் அணையுங்கள். ஷார்ப்னஸை அடிமட்டத்துக்குக் கொண்டுவாருங்கள். புது டிவியாக இருந்தால் ஃபிலிம்மேக்கர் மோட் என்று ஒன்று இருக்கலாம், அது இதில் பெரும்பாலானதை ஒரே அழுத்தில் செய்துவிடும்.

அப்படியே பட அளவையும் பாருங்கள். இது 4:3ல் எடுத்தது, இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை இருக்கத்தான் வேண்டும். திரையை நிரப்பப் பெரிதாக்கினால் உயரத்தில் கால்வாசி போய்விடும். 1973ல் வந்த 'த வேர்ல்ட் அட் வார்' ஆவணத் தொடரை 2010ல் எச்டியில் புதுப்பித்தபோது வெளியிட்டவர்களே அப்படி மேலும் கீழும் வெட்டினார்கள். என் அப்பாவுக்குப் பிடித்த தொடர் அது. போர்க்களத்தில் மனிதர்கள் எடுத்த படத்தில் கால்வாசியை வெட்டிப் போட எப்படி மனம் வந்தது என்று தெரியவில்லை.

கோவை சுந்தர் எழுதியது:

பழையநாடா ஐயா, நான் சொன்னது தவறு, திருத்தியதற்கு நன்றி. நிலானி, மன்னிக்கவும், அப்பாவிடமும் சொல்லிவிடுங்கள்.

இதோடு ஒட்டிய சந்தேகம் ஒன்று. டாக்டர் ஹூ என்ற பிபிசி தொடரின் 1970களின் பெட்டி ஒன்று வைத்திருக்கிறேன். ஒரே கதையில் வெளிப்புறக் காட்சி கூர்மையாகக் கிரெயினோடு இருக்கிறது, அறைக்குள் போனதும் மங்கி, அசைவு மட்டும் வழுக்கிக்கொண்டு ஓடுகிறது. இதுவும் டிவி அமைப்புதானா? அப்புறம், மைண்ட் யுவர் லாங்குவேஜ் நகைச்சுவைத் தொடர் நல்ல எச்டியில் எங்கே கிடைக்கும்? வீட்டில் எல்லோரும் கேட்கிறார்கள்.

பழையநாடா எழுதியது:

சுந்தர், அது எடுத்த விதம். உங்கள் டிவியில் ஒன்றும் செய்ய வேண்டாம். அந்தக் காலத்தில் பிபிசி அறைக்குள் நடப்பதை ஸ்டூடியோவில் எலக்ட்ரானிக் கேமராவால் வீடியோ டேப்பில் பிடித்தது, வெளிப்புறத்தை 16 மி.மீ. ஃபிலிமில் எடுத்தது. ஃபிலிமைத் திரும்ப ஸ்கேன் செய்தால் அன்றைய டிவி காட்டாத விவரம் எல்லாம் வெளியே வரும். டேப்பில் இருப்பது 625 வரி, அதிலும் படம் தாங்குவது 576தான். அதற்கு மேல் அதில் ஒன்றும் ஒளிந்திருக்கவில்லை. 2018 முதல் வரும் பெட்டிகளில் ஃபிலிம் பகுதி தப்பிப் பிழைத்த இடங்களில் அதைப் புதிதாக ஸ்கேன் செய்து போடுகிறார்கள், ஸ்டூடியோப் பகுதியைப் பெரிதாக்கிப் போடுகிறார்கள். நேர்மையான வேலை. ஸ்டூடியோக் காட்சிகள் நொடிக்கு 50 அசைவு கொண்டவை, அந்த வழுக்கல் அதனால்தான்.

முக்கியமான விதிவிலக்கு ஒன்று, 1970 ஜனவரியில் வந்த 'ஸ்பியர்ஹெட் ஃப்ரம் ஸ்பேஸ்'. பிபிசி ஸ்டூடியோவில் தொழில் தகராறு, உள்ளே போக முடியாமல் கதை முழுவதையும் 16 மி.மீ.யில் எடுத்தார்கள். அந்தத் தகராறின் புண்ணியத்தில் 2013ல் அது உண்மையான எச்டியில் வந்தது.

மைண்ட் யுவர் லாங்குவேஜ் ஸ்டூடியோவில் டேப்பில் எடுத்தது. அதற்கு உண்மையான எச்டி எங்கும் வராது. செயற்கை அறிவு கொண்டு எச்டி ஆக்கியது என்று இணையத்தில் வருபவற்றில் முகங்களைக் கவனித்துப் பாருங்கள், கண்ணும் பல்லும் மென்பொருள் வரைந்தவை. நல்ல டிவிடி போதும்.

டேப் என்றால் ஏமாற்றம் மட்டுமே என்று நினைத்துவிடாதீர்கள், எனக்கு மிகவும் பிடித்த கதை அங்கேதான் இருக்கிறது. டேப் விலை அதிகம் என்பதால் அழித்து மறுபடி பயன்படுத்தினார்கள். வண்ணத்தில் எடுத்த நிகழ்ச்சிகள் பலவற்றுக்கு மிஞ்சியது வெளிநாட்டு விற்பனைக்காகத் திரையைப் படம்பிடித்த கறுப்பு வெள்ளை ஃபிலிம் பிரதி மட்டுமே. அதை உருப்பெருக்கிப் பார்த்தபோது மிகச் சிறிய புள்ளிகள் தெரிந்தன. வண்ணத்தைத் தாங்கிய சமிக்ஞையை வடிகட்டாமல் விட்டதால், அது புள்ளிகளாக ஃபிலிமில் பதிந்திருந்தது. பிபிசியின் ஜேம்ஸ் இன்செல் அதைக் கொண்டு நிறத்தை மீட்கலாம் என்றார், ரிச்சர்ட் ரசல் அதற்கு மென்பொருள் எழுதினார். 'டாட்ஸ் ஆர்மி' நகைச்சுவைத் தொடரின் ஒரு பகுதி 2008ல் இப்படி மீண்ட வண்ணத்தில் ஒளிபரப்பானது. டாக்டர் ஹூவின் 'த மைண்ட் ஆஃப் ஈவில்' 2013ல் வந்தது. அதன் ஆறு பகுதிகளில் ஐந்து இப்படி மீட்டவை. முதல் பகுதியில் மட்டும் புள்ளிகளே இல்லை, கையால் வண்ணம் தீட்டினார்கள்.

நிலானி எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. ரேவதி அக்கா சொன்னபடி டிவியில் எல்லாவற்றையும் அணைத்தேன். பிரெட்டின் நெற்றி நரம்புகூடத் தெரிகிறது. கிரெயினைப் பார்த்து அப்பா "தியேட்டர் மாதிரி இருக்கு" என்றார்.

வேகத்துக்கு, தம்பியின் கணினியை டிவியில் இணைத்து 1.0417 வைத்தோம். முதலில் சுருதித் திருத்தத்தை அணைக்க மறந்துவிட்டேன், அப்பா இரண்டு நொடியில் "இன்னும் கீழதான் நிக்குது" என்றார். அணைத்ததும் 48வது நிமிட வசனம் 48லேயே வந்தது. செயலியில் முள் நடுவில் நின்றது.

இப்போதைக்கு இப்படியே பார்க்கிறார். நொடிக்கு 50 அரைப்படம் கொண்ட பெட்டி ஒன்று விற்பனையில் இருப்பதைக் கண்டேன். ஓடும் நேரத்தை விற்பவரிடம் கேட்டு எழுதியிருக்கிறேன், பதில் வந்ததும் இங்கே போடுகிறேன். காதுப் பரிசோதனைக்கு எடுத்த நேரத்தை ரத்து செய்துவிட்டேன்.