இரட்சிப்பைச் சொல்லப் போன இடத்தில் இன்னும் மனதை விட்டுப் போகாத ஒரு நிமிடம்

தாமிரபரணிக்கரை:
வி.பி.எஸ்., அதாவது பிள்ளைகளுக்கான விடுமுறை வேதாகமப் பள்ளி, எடுத்தவர்களுக்கு அந்தக் கலர் புத்தகம் தெரியும். எழுத்தே இருக்காது, கறுப்பு, சிவப்பு, வெள்ளை, தங்கம், பச்சை என்று பக்கங்கள் மட்டும். ஆறு வருஷத்துக்கு முன்னால் மே மாதம், பக்கத்துக் கிராமத்தில் வேப்பமரத்தடியில் முப்பது பிள்ளைகள். கறுப்புப் பக்கத்தைத் தூக்கிப் பிடித்து, "இதுதான் நம்ம இருதயம், பாவத்தால கறுத்துப் போச்சு" என்று வழக்கம்போலச் சொன்னேன். முன்வரிசையில் ஒரு பிள்ளை, ஏழு வயது இருக்கும், நல்ல கறுப்பு. பக்கத்தைப் பார்த்தாள், தன் புறங்கையைத் திருப்பிப் பார்த்தாள், அப்புறம் ரெண்டு கையையும் பாவாடைக்குள் சொருகிக்கொண்டாள். நான் அதைப் பார்த்தும் சிவப்புப் பக்கத்துக்குப் போய்விட்டேன், ஏனென்றால் அடுத்து பாட்டு, பிறகு சுண்டல், நேரமாகிவிட்டது. கடைசியில் "யார் யார் இயேசப்பாவை ஏத்துக்கிறீங்க" என்றபோது எல்லாக் கையும் மேலே. அவள் கை மட்டும் வெளியே வரவே இல்லை.

ரூத்தின் அம்மா:
என்னுடையது ஆஸ்பத்திரி ஊழியத்தில் நடந்தது. ஆண்கள் வார்டு, எண்பது வயதுக்கு மேலே ஒரு பெரியவர். சிலுவையில் இயேசுவின் பக்கத்தில் தொங்கிய கள்ளனைப் பற்றிச் சொன்னேன், கடைசி நேரத்தில்கூட அவனுக்கு இரட்சிப்பு கிடைத்ததே என்று. கண்ணை மூடாமல் கேட்டுவிட்டு, "ஏம்மா, அவன் யாருகிட்டத் திருடினானோ அவங்களுக்கு என்ன ஆச்சு?" என்றார். அப்புறம் மெதுவாக, "நான் என் தம்பி வரப்பை ரெண்டு முழம் தள்ளி வெட்டினேன். அவன் செத்தே இருபது வருஷமாச்சு. இனி யாருகிட்டப் போய்க் கேக்கட்டும்?" அந்த நேரம் பார்த்து மணி அடித்துவிட்டது, பார்வையாளர்கள் எல்லாரும் வெளியே போகச் சொல்கிறார்கள். அவசர அவசரமாக ஒரு ஜெபம் பண்ணிவிட்டு வந்தேன். அடுத்த வாரம் போனால் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்களாம். எந்த ஊர் என்றுகூடக் கேட்டு வைக்கவில்லை நான்.

உபதேசியார் பேரன்:
தம்பி, அந்தப் புத்தகத்தைக் குறை சொல்ல வேண்டாம். 1866-ல் இங்கிலாந்துப் பிரசங்கியார் ஸ்பர்ஜன் கறுப்பு, சிவப்பு, வெள்ளை என்று மூன்றே பக்கத்தை வைத்துப் பிரசங்கம் பண்ணினார், தங்கமும் பச்சையும் பிறகு சேர்ந்தவை. எழுதப் படிக்கத் தெரியாத எத்தனையோ பேர் அதைப் பார்த்துத்தான் ஆண்டவரை அறிந்தார்கள். என் கதை பெரிதாக ஒன்றுமில்லை, பத்து வயதில் நானும், பாவம் கழுவின இருதயம் என்று காட்டும் அந்த வெள்ளைப் பக்கத்தைப் பார்த்துத்தான் அழுதேன்.

சகோதரிக்கும் ஒரு வார்த்தை. கள்ளனுக்கு எதையும் திருப்பிக் கொடுக்க நேரமே இல்லை, அன்றைக்கே பரதீசு கிடைத்தது. அது கிருபை. அதைத்தான் அந்தப் பெரியவரிடம் அழுத்திச் சொல்லியிருக்க வேண்டும். பொதுவாகவே சொல்கிறேன், சிறு பிள்ளைகளிடம் நரகத்தைக் காட்டிப் பயமுறுத்தாதீர்கள், பயத்தில் தூக்கும் கை பயம் போனதும் இறங்கிவிடும். மற்ற மார்க்கத்துப் பிள்ளைகள் என்றால் வீட்டில் அப்பா அம்மாவிடம் கேட்டுவிட்டுத்தான் உட்கார வைக்க வேண்டும். மிட்டாய் கொடுத்துக் கூட்டம் சேர்க்காதீர்கள். வாலிபர்களிடம் பத்து நிமிஷத்துக்கு மேல் பேசாதீர்கள், கேள்வி கேட்க விடுங்கள். வயதானவர்களிடம் ராத்திரியில் இயேசுவைத் தேடி வந்த நிக்கொதேமுவைப் பற்றிச் சொல்லுங்கள், முதிர்வயதான மனுஷன் எப்படி மறுபடியும் பிறப்பான் என்று அவர்தானே கேட்டார். சத்தமாக, நிதானமாகப் பேசுங்கள். கைப்பிரதியைக் கையில் திணித்துவிட்டு ஓடாதீர்கள்.

புன்னைமரம்:
ஐயா, அவர் புத்தகத்தைக் குறை சொல்லவில்லையே, அந்தப் பிள்ளையைத்தானே சொல்கிறார்.

எங்கள் வாலிபர் முகாமில் கடைசி ராத்திரி எப்போதும் விளக்கை அணைத்துவிட்டு, தங்களை இயேசுவுக்கு ஒப்புக்கொடுக்கிறவர்களைக் கை தூக்கச் சொல்வார்கள். பதினாறு வயசுப் பெண் ஒருத்தி, கூட்டம் முடிந்ததும் தண்ணீர்க் குழாய்ப் பக்கம் என்னை நிறுத்தி, "ஆன்ட்டி, நாலு வருஷமா கை தூக்கிட்டுதான் இருக்கேன். போன வருஷம் தூக்கினது செல்லலையா?" என்று கேட்டாள். அழுதுகொண்டு கேட்கவில்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாள். "செல்லும்மா, முதல் தடவையே செல்லும்" என்று நான் சொல்லியிருக்க வேண்டும். பாஸ்டரிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றேன். எனக்குத் தெரியாதா அது? அந்தக் குழாயடி இன்னும் கண்ணுக்குள்ளேயே இருக்கிறது.

மாதா கோயில் தெரு:
நான் கத்தோலிக்கன், நாங்கள் மீட்பு என்போம், நீங்கள் இரட்சிப்பு என்கிறீர்கள். பக்கத்து வீட்டுப் பாட்டி, தினமும் பிள்ளையார் கோயிலுக்குப் போகிறவர், ஒரு நாள் "மீட்பர் மீட்பர்ங்கிறீங்களே, எதைய்யா மீட்டாரு?" என்றார். அடகு வைத்த நகையை மீட்கிற மாதிரி என்று சொல்லிவிட்டேன். பாட்டி கழுத்தைத் தொட்டுப் பார்த்தார். "என் தாலிக்கொடி மூணு வருஷம் சேட்டு கடையில கெடந்துச்சு, என் தம்பிதான் மீட்டுக் கொடுத்தான். வட்டியும் அவன்தான் கட்டினான், எவ்வளவுன்னு கடைசி வரைக்கும் சொல்லல" என்றார். நான் ஆயத்தம் பண்ணி வைத்திருந்த எதையும் அதற்கு மேல் சொல்லவில்லை. பாட்டி இன்றைக்கும் பிள்ளையார் கோயிலுக்குத்தான் போகிறார், ஆனால் என்னைப் பார்த்தால் "வட்டி கட்டினவரு எப்படி இருக்காரு?" என்று கேட்பார்.

பேரனுக்கு ஒன்று. வேதத்தில் வரும் வரி வசூலிக்கிற சகேயுவையும் வாசியுங்கள். அநியாயமாக வாங்கியதை நாலத்தனையாக, நாலு மடங்காக, திருப்பிக் கொடுக்கிறேன் என்று அவன் சொன்ன பிறகுதான், இன்றைக்கு இந்த வீட்டுக்கு இரட்சிப்பு வந்தது என்கிறார் ஆண்டவர். வரப்பைப் பற்றி அந்தப் பெரியவர் கேட்டது சரியான கேள்வி. 1706-ல் தரங்கம்பாடியில் வந்து இறங்கிய ஜெர்மன் மிஷனரி சீகன்பால்கு, திண்ணைப் பள்ளிப் பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் அ, ஆ எழுதித்தான் தமிழ் படித்தார். நமக்கும் முதலில் உட்காரத் தெரிய வேண்டும்.

ரூத்தின் அம்மா:
சகேயு அன்றைக்கு என் நினைவுக்கே வரவில்லை அண்ணா. தம்பி இல்லாவிட்டாலும் தம்பி பிள்ளைகள் இருப்பார்களே, அந்த ரெண்டு முழத்தை அவர்களுக்கு விடலாமே என்று வீட்டுக்கு வந்து சோறு வடிக்கும்போதுதான் தோன்றியது.

தாமிரபரணிக்கரை:
நான் புத்தகத்தை எறிந்துவிடவில்லை ஐயா, பீரோவில்தான் இருக்கிறது. இந்த வருஷம் அதற்குப் பதிலாக என் வெள்ளைச் சட்டையில் பேனா மையைத் தெளித்து எடுத்துக்கொண்டு போனேன், பிள்ளைகளுக்கு உடனே புரிந்தது, "வீட்ல அடி விழும்ணே" என்று கத்தினார்கள். அந்தப் பிள்ளை இப்போது எட்டாம் வகுப்பு. தன் தம்பியைக் கொண்டுவந்து விட்டுவிட்டு, மரத்துக்கு அந்தப் பக்கம் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு கூட்டம் முடிகிறவரைக்கும் நின்றாள். உள்ளே வா என்று கூப்பிட்டேன். "இங்கயே கேக்குதுண்ணே" என்றாள்.